குளிக்கிறதா, தவிக்கிறதா?

வீட்டில் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ற ஓணான் ஒன்று தன் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வயிறு பதியப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கீழே ஒரு வரி: "வெயிலுக்கு எங்க பையன் ஸ்விம்மிங் பூல்ல ரெஸ்ட் எடுக்கிறான்." இந்த மாதிரி வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஒப்புவதில்லை. அந்தப் பையன் ரெஸ்ட் எடுக்கவில்லை என்று சொல்லத் தோன்றும். இதற்கு நேர்மாறான கவலையும் அடிக்கடி காதில் விழுகிறது: "கிண்ணம் நிறையத் தண்ணி வெச்சிருக்கேன், வாங்கிட்டு வந்ததுலேர்ந்து ஒரு வாய்கூடக் குடிக்கலை." ஒருவர் மகிழ்கிறார், இன்னொருவர் பதறுகிறார். இரண்டும் கிளம்பும் இடம் ஒன்றுதான். நாயும் பூனையும் தண்ணீரோடு பழகும் விதத்தை வைத்து நாம் பல்லியைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். தாகம் எடுத்தால் கிண்ணத்துக்குப் போகும், போகாவிட்டால் தாகம் இல்லை, தண்ணீரில் இறங்கினால் குஷி. பல்லி விஷயத்தில் இந்த மூன்றையும் நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

என் கட்சி இதுதான்: வளர்ப்புப் பல்லி தண்ணீரிடம் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். அடுத்து ஈரப்பதமானி. அடுத்து எச்சம். கிண்ணத்தைப் பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பிறகு போதும்.

மழையைக் குடிக்கும் உடம்பு

பியர்டட் டிராகனின் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே குளமும் குட்டையும் அபூர்வம். தண்ணீர் மேலிருந்து துளியாக வரும், இலையில் பனியாக நிற்கும், தின்னும் பூச்சிக்குள்ளும் தழைக்குள்ளும் இருக்கும். மழை பெய்தால் இந்த ஓணான் பின்னங்கால்களை நிமிர்த்தி, வாலடியைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி நிற்கிறது. முதுகில் விழுந்த நீர் சரிந்து மூக்கு நுனிக்கு வருகிறது, அங்கிருந்து நக்கிக் குடிக்கிறது. 1983ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் ஸ்பிரே பாட்டிலின் துளி பட்டவுடன் பின்பக்கத்தைத் தூக்கி, தலையைக் கவிழ்த்து, அசையாமல் நிற்கும் டிராகனைப் பார்த்து வலிப்பு வந்துவிட்டதோ, பின்னங்காலில் அடியோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மழைக்கு அது காட்டும் பரம்பரை மரியாதை அது. துளி நின்ற சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட உயிரினத்துக்கு அசையாத, நிழல் விழாத, கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பு பல சமயம் தண்ணீராகவே தெரிவதில்லை. மினுக்கமும் அசைவும்தான் அதன் கண்ணுக்கு நீர். அதனால்தான் முழுக் கிண்ணத்தைத் தாண்டிப் போய் தொட்டியின் கண்ணாடியில் வழியும் ஒற்றைத் துளியை நக்கும். கிண்ணத்தில் விரலால் லேசாக அலை எழுப்பினாலோ, மேலிருந்து நாலு சொட்டு விட்டாலோ தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து குடிக்கும். மீன்தொட்டிக் காற்றுக்கல்லைக் கிண்ணத்தில் போட்டுக் குமிழி விடுபவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் குமிழியால் அறையின் ஈரப்பதம் ஏறும். அந்தத் தொல்லையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே தள்ளிவிடலாம். தரை, கல், உங்கள் கை, இன்னொரு பல்லி என்று கண்டதையெல்லாம் நாக்கால் தொட்டுப் பார்ப்பது தாகம் அல்ல. மேல் அண்ணத்தில் உள்ள மோப்ப உறுப்புக்கு நாக்கு வழியே செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். பல்புக்கு அடியில் வாயைத் திறந்து வைத்திருப்பதும் தாகம் அல்ல. உடம்பு போதுமான அளவு சூடாகிவிட்டது, உபரி வெப்பத்தை வாய் ஈரத்தின் வழியே விடுகிறது. ஆனால் பல்பை விட்டு விலகி, குளிர்ந்த மூலையிலும் வாயைத் திறந்தே வைத்திருந்தால், வாயோரம் சளிக்குமிழி தெரிந்தால், அது மூச்சுப்பாதைத் தொற்று. அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

தோல் குடிக்கிறதா?

வாரம் மூன்று முறை வெந்நீர்க் குளியல் கொடுங்கள், பல்லி தோல் வழியாகவும் எச்சத்துவாரம் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவுரையைக் கேட்காத வளர்ப்பாளர் இருக்க முடியாது. இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் நம்பிக்கை, ஏனென்றால் இதில் பாதி உண்மை கலந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு ஓணான் இனம் இருக்கிறது, தார்னி டெவில். உடம்பெல்லாம் முள். ஈர மணலில் நின்றால் அதன் தோல் நனைந்து கருத்துக்கொண்டே போகும். அதைப் பார்த்தவர்கள் இந்தப் பிராணி தோலால் தண்ணீர் குடிக்கிறது என்று பல காலம் நம்பினார்கள். 1962இல் பென்ட்லியும் புளூமரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. செதில்களுக்கு இடையில் மயிரிழை போன்ற கால்வாய்கள் ஓடுகின்றன. நீர் அவற்றில் தானாக ஏறிப் பரவி, வாயின் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே தாடையை அசைத்து விழுங்குகிறது. தோல் தண்ணீரைக் கடத்துகிறது, குடிக்கவில்லை. டெக்சாஸ் கொம்பு ஓணானிடமும் இதே ஏற்பாடு இருக்கிறது. பாலைவனத்துப் பல்லியின் தோல் உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமல் காப்பதற்கென்றே கெரட்டினும் கொழுப்பும் அடுக்கிச் செய்யப்பட்டது. வெளியே விடாத சுவர் உள்ளேயும் தாராளமாக விடாது.

எச்சத்துவாரக் கதைக்கு வருவோம். பல்லியின் சிறுநீரகத்தில், பாலூட்டிகளிடம் இருக்கும் ஹென்லே வளைவு கிடையாது. அதனால் இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை அதனால் தயாரிக்க முடியாது. பாலைவனத்தில் இது பெரிய குறை. அதைச் சரிக்கட்ட இரண்டு வழிகளை உடம்பு வைத்திருக்கிறது. முதலாவது, நைட்ரஜன் கழிவை யூரியாவாக இல்லாமல் யூரிக் அமிலமாக மாற்றுகிறது. அது நீரில் எளிதில் கரையாது, பசையாகவோ சுண்ணாம்புபோலவோ வெளியேறும், கூடவே நிறைய நீரை இழுத்துக்கொண்டு போகாது. இரண்டாவது, சிறுநீரகத்திலிருந்து வந்த நீர் எச்சத்துவாரத்தின் உள்ளறைக்கும் பெருங்குடலின் கடைப்பகுதிக்கும் போகிறது, அங்கே உடம்பு அதை மீண்டும் இழுத்துக்கொள்கிறது. ஆக, அந்தப் பகுதி நீரை உறிஞ்சுவது உண்மை. தன் சொந்தச் சிறுநீரை உறிஞ்சுகிறது. அதை வைத்து, டப்பில் உட்கார வைத்தால் வெளியிலிருந்தும் கீழ்வழியாகக் குடிக்கும் என்று நீட்டியது நாம். குளியலில் நனைந்த பல்லி தேறுவது அது டப்பில் வாயால் குடித்ததால்தான். குடிக்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த பல்லிக்கு நீர்ச்சத்து ஏறிவிட்டது என்று கணக்கு எழுதக் கூடாது.

இந்தச் சிறுநீரகக் கதையிலிருந்துதான் வளர்ப்பவருக்குத் தேவையான அளவுகோல் கிடைக்கிறது. எச்சத்தில் பழுப்புப் பகுதி ஒன்று, வெள்ளைப் பகுதி ஒன்று இருக்கும். வெள்ளைதான் யூரேட், அதாவது மேலே சொன்ன யூரிக் அமிலக் கழிவு. அது மென்மையாக, வெண்ணிறமாக, சற்று ஈரமாக இருந்தால் அந்தப் பல்லி கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டாலும் போதிய நீரோடு இருக்கிறது. மஞ்சளாகி, கெட்டியாகி, விரலால் நசுக்கினால் (கையுறையோடு) சுண்ணாம்புத் துண்டுபோல் உடைந்தால் நீர் குறைகிறது. ஆரஞ்சு நிறம் தொடர்ந்து வந்தால் அவசரம். பச்சை கலந்தால் கல்லீரலையோ பட்டினியையோ சந்தேகிக்க வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும். பீட்ரூட், கேரட், செம்பருத்திப்பூ தின்ற மறுநாள் நிறத்தை நம்பாதீர்கள். எச்சம் விழுந்த உடனே பாருங்கள். பல்புக்கு அடியில் இரண்டு மணி நேரம் காய்ந்த எதுவும் கெட்டியாகத்தான் இருக்கும். தரையில் மணல் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கே கிடைக்காது. சந்தேகம் இருக்கும் நாட்களில் மணலை எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ பேப்பரோ செய்தித்தாளோ விரியுங்கள்.

கண் குழி விழுந்திருப்பது, வாய்க்குள் எச்சில் நூல்போல இழுபடுவது, பக்கவாட்டுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத் திரும்புவது ஆகியவையும் அறிகுறிகளே. ஆனால் கிள்ளிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பியர்டட் டிராகனின் விலாத்தோல் இயல்பாகவே தளர்வு. சமையலறைத் தராசு இதைவிட நேர்மையானது. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் கிராமில் எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் கிண்ணத்தை இடம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

கிண்ணத்திலேயே படுத்துக் கிடந்தால்

ஒரு நாள் ஐந்து நிமிடம் நனைந்துவிட்டு வந்தால் விட்டுவிடுங்கள். தினமும், அல்லது மணிக்கணக்கில், அதுவும் வறண்ட நிலத்துப் பல்லி, கிண்ணத்துக்குள் கிடந்தால் அது ஒன்றிலிருந்து தப்பிக்கிறது. பெரும்பாலும் வெப்பத்திலிருந்து.

இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். பல்புக்கு அடியில் பல்லி படுக்கும் கல்லின் மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் (கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்கு நீட்டினார்களே, அது அல்ல, பொருளை அளக்கும் 'டெம்பரேச்சர் கன்') அளந்தால் வளர்ந்த டிராகனுக்கு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர் மூலை 24 முதல் 28. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை எடுத்து எறியுங்கள், அது தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியின் காற்றை மட்டும், அதையும் தப்பாக, சொல்லும். பிரச்சினை பெரும்பாலும் சூடான மூலையில் இருக்காது, குளிர்ந்த மூலை என்ற ஒன்றே இல்லாமல் போயிருப்பதில் இருக்கும். இரண்டடித் தொட்டியில் 100 வாட் பல்பு போட்டால் எங்கும் ஒரே சூடு. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் அறையே 36 டிகிரியில் நிற்கும்போது மூடிய கண்ணாடித் தொட்டி இட்லிப் பானைதான். பல்லிக்கு ஒதுங்க ஒரே இடம் தண்ணீர்க் கிண்ணம், அதில் போய்ப் படுக்கிறது. அதன் உடல் வெப்பம் நாற்பதுகளின் நடுவை எட்டினால் உயிர் போகும். அந்த மாதங்களில் பல்பின் வாட்டைக் குறையுங்கள், மதியம் பல்பை அணைத்துவிட்டுக் காலையிலும் மாலையிலும் மட்டும் எரியவிடுங்கள், மேல்மூடியை வலையாக்குங்கள். யூவிபி குழல்விளக்கு (வெயிலைப்போலப் புறஊதாக் கதிர் தரும் விளக்கு) அதிகம் சூடாவதில்லை, அதை அணைக்க வேண்டாம். ஏற்கெனவே சோர்ந்து, வாயைப் பிளந்து கிடக்கும் பல்லியை ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். 25, 26 டிகிரி அறைக்குக் கொண்டுவந்து, அறை வெப்பத்தில் உள்ள நீரால் கால்களையும் வயிற்றையும் நனையுங்கள், மெதுவாக இறங்கட்டும்.

வெப்பம் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி, தோல் உரிக்கிறதா? உரிக்கும் நாட்களில் நனைந்து கிடப்பது இயல்பு. லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லிக்கு இது இன்னும் அதிகம். அதன் தொட்டிக் காற்று 30, 40 சதவீத ஈரப்பதத்தில் இருக்கலாம், ஆனால் 70, 80 சதவீத ஈரம் நிற்கும் ஒரு மறைவிடம் அவசியம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உடம்பு நுழையும் ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே பிழிந்த ஈரப்பாசியோ டிஷ்யூவோ வைத்தால் போதும். தொட்டியின் சூடான பாதிக்கும் நடுவுக்கும் இடையில் வையுங்கள். இது காய்ந்துபோனால் கெக்கோ கிண்ணத்தைத் தேடும். உரித்து முடித்த பிறகு ஒவ்வொரு விரலையும் பாருங்கள். விரலில் மோதிரம்போல ஒட்டிய பழைய தோல் இரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே பறித்துவிடும்.

மூன்றாவது சந்தேகம் உண்ணி. கால் இடுக்கிலும் கண்ணோரத்திலும் கழுத்து மடிப்பிலும் கடிக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிற்றுண்ணிகளிடமிருந்து தப்பவும் பல்லி நீரில் மூழ்கிக் கிடக்கும். கிண்ணத்து நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் கரும்புள்ளிகள் மிதக்கும் அல்லது அடியில் கிடக்கும். ஈர வெள்ளை டிஷ்யூவால் இடுக்குகளைத் துடைத்தால் செம்பழுப்புக் கறை வரும். உறுதியானால் தொட்டியில் உள்ள தரைப்பொருளை மொத்தமாகக் குப்பையில் போட்டு, மரக்கட்டைகளையும் தூக்கிவிட்டு, டிஷ்யூ விரிப்புக்கு மாறுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி ஸ்பிரேயைப் பல்லிமேல் அடிப்பதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. மருந்தையும் அளவையும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

பெண் பல்லி கிண்ணத்தைக் கால்களால் தோண்டினால் சேதி வேறு. முட்டை இருக்கிறது, போட இடம் இல்லை. ஆண் துணையே இல்லாத டிராகனும் கெக்கோவும் கருவுறாத முட்டை இடும். அதற்குத் தேவை ஈர மண்ணும் மணலும் கலந்த, கையால் குடைந்தால் சரியாமல் நிற்கும் பதத்தில், 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு பெட்டி. ஒரு நாளில் கிடைக்காவிட்டால் தண்ணீரிலேயே இட்டுவிடும், அல்லது இடாமல் அடக்கிக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. வயிறு உப்பி, தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த நான்கும் இல்லை என்றால் நோய்தான் மிச்சம். அதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் குறைந்து எலும்பு மென்மையான பல்லி கிண்ணத்தில் ஏறிவிடும், இறங்க முடியாது. தலையைத் தூக்க வலு இல்லாமல் ஒரு அங்குல நீரில் மூழ்கிச் சாகும். கை நடுங்கும், தாடை ரப்பர்போல் வளையும் பல்லி இருக்கும் வீட்டில் கிண்ணத்தின் ஆழம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஒன்றுக்கு விசித்திரம், இன்னொன்றுக்கு வழக்கம்

மேலே சொன்னதை இகுவானா வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் குழம்பிப்போவார். பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்க ஆற்றங்கரை மரங்களில் வாழ்வது, நன்றாக நீந்தும், ஆபத்து என்றால் மரத்திலிருந்து நேராக ஆற்றில் குதிக்கும். அது பெரிய தொட்டி நீரில் மணிக்கணக்கில் கிடக்கலாம். நீரில்தான் மலம் கழிக்கவும் விரும்பும், அதனால் தினமும் நீர் மாற்ற வேண்டும் என்பதைத் தவிர அதில் சிக்கல் இல்லை. அடிக்கடி தும்மி, கண்ணாடியில் வெள்ளைப் பொடி தெறிப்பதும் சளி அல்ல, மூக்கிலுள்ள உப்புச் சுரப்பி தன் வேலையைச் செய்கிறது. பொடி காய்ந்து வெள்ளையாக இருந்தால் உப்பு. பிசுபிசுப்பாக, மஞ்சளாக இருந்தால் தொற்று. சீன வாட்டர் டிராகன் பயந்தால் நீருக்கடியில் போய்ப் பல நிமிடம் அசையாமல் கிடக்கும். மூழ்கிவிட்டதோ என்று கையை விட்டுத் தூக்கினால் அதற்கு இன்னும் பயம்.

பச்சோந்தி எதிர்முனை. ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கையும் சேர்ந்த வெய்ல்டு கமீலியன் கிண்ணத்தைக் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்டது ஒரு நாள் கிண்ணத்தைத் தேடி இறங்கி வந்து நீண்ட நேரம் குடித்தால் 'பழகிவிட்டது' என்று சந்தோஷப்படாதீர்கள். நீர் கடுமையாகக் குறைந்திருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம். இதற்கு ஸ்பிரே பாட்டிலால் பத்து நொடி அடிப்பது எந்தப் பலனும் தராது. துளி விழ ஆரம்பித்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் பல பச்சோந்திகள் குடிக்கவே தொடங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் செட் நல்ல உபாயம். புதிய செட், ஊசியை வெட்டி எறிந்துவிட்டு, மேலே ஒரு பாட்டில் நீர், இலைமேல் சொட்டும்படி குழாய். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று உருளையைத் திருகி வைத்தால், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் மணிக்கு 90 மில்லி போகும். கீழே கால் லிட்டர் கிண்ணம் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். நீர் தெறிக்கும்போது பச்சோந்தி கண்கோளத்தைப் பந்துபோல் உப்பவைத்து உருட்டினால் பயப்பட வேண்டாம், கண்ணைக் கழுவிக்கொள்கிறது. பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் பயப்படுங்கள்.

க்ரெஸ்டட் கெக்கோ, நியூ கலிடோனியாக்காரர், மாலையில் அடித்த துளிகளைக் கண்ணாடியிலிருந்து நக்கும், இமை இல்லாததால் தன் கண்ணையும் நக்கும். இரண்டும் சாதாரணம். மாலையில் நனைத்தால் மறுநாள் பகலில் தொட்டி காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்றிருந்தால் தோல் கெடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளூர் உடும்பையும் பச்சோந்தியையும் பிடித்து வளர்ப்பது குற்றம். சைட்ஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்களை 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

தண்ணீரை எப்படிக் கொடுப்பது

உணவு வழியே கொடுப்பதுதான் முதல் வழி, அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். கழுவி உதறாமல் அப்படியே வைத்தால் இலைமேல் துளியும் சேரும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ இவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கீரையைத் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளரியையும் தர்பூசணியையும் வெயில் காலத்தில் அள்ளி வைத்தால் மறுநாள் எச்சம் நீர்த்துப்போகும், அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பதற வேண்டியிருக்கும். பூச்சி தின்னும் பல்லிக்கு, பூச்சியே தண்ணீர்ப் பாத்திரம். சிள்வண்டின் எடையில் ஏறத்தாழ எழுபது சதவீதம் நீர். கடையிலிருந்து டப்பாவில் பட்டினியாக வந்த பூச்சியை அப்படியே போடாமல், ஒரு நாள் கேரட்டும் கீரையும் கொடுத்துப் பிறகு போட்டால் கெக்கோவின் யூரேட் மாறுவது சில நாட்களில் கண்ணுக்குத் தெரியும்.

சொட்டாகக் கொடுப்பது இரண்டாவது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சால் மூக்கு நுனியில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். நக்க ஆரம்பித்தால் அதன் வேகத்துக்குத் தொடருங்கள். நிறுத்தினால் நிறுத்துங்கள். 400 கிராம் எடையுள்ள டிராகனுக்கு ஒரு வேளைக்கு 4 முதல் 6 மில்லி போதும். வாயைத் திறந்து பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது, பல்லிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, உள்ளே போன நீரை இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. குளுக்கோஸ், எலக்ட்ரால் கலக்குவது மருத்துவர் சொன்னால் மட்டும்.

குளியலை நான் ஒதுக்கவில்லை. மலச்சிக்கலுக்கும், ஒட்டிய தோலுக்கும், குடிக்கத் தூண்டவும் அது உதவும். தனி டப், முன்னங்கால் முட்டி அளவு நீர், 30 முதல் 34 டிகிரி, பத்துப் பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே ஆள். உடம்பைக் காற்றால் உப்பவைத்து மிதந்தால், தாடி (தொண்டைக்குக் கீழுள்ள முள்தோல்) கருத்தால், ஓரத்தையும் உங்கள் கையையும் பிடித்து ஏறிக்கொண்டே இருந்தால் அது வெளியே வரக் கேட்கிறது. கண்ணை இறுக மூடிக்கொள்வதை 'தியானம்' என்று சிலர் சொல்வார்கள். பயம் அது. முடிந்ததும் துடைத்து, பல்புக்கு அடியில் விட்டு, முழுக்கக் காயும்வரை விளக்கை அணைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குளிப்பாட்டுவது சரியில்லை. சமையலறைத் தொட்டியில் ஒருபோதும் வேண்டாம். பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா இருப்பது சகஜம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசம் கூடாது.

கடலோர ஊர்களில் டிராகனுக்குக் குறைவாகக் கிடைப்பது வறட்சிதான். அது கேட்பது 30, 40 சதவீதம். சென்னைக் காற்றில் எழுபது சாதாரணம். அங்கே பெரிய கிண்ணத்தைப் பல்புக்கு அடியில் வைத்து ஆவியாக்குவதும், குமிழி விடுவதும், தினமும் ஸ்பிரே அடிப்பதும் மூச்சுத்தொற்றுக்கும், தோலில் மஞ்சளாகத் தொடங்கி உள்ளே இறங்கும் பூஞ்சைக்கும் கதவு திறப்பது. கிண்ணம் சிறியதாக, குளிர்ந்த மூலையில், நடுவில் ஒரு கல்லோடு. இரவெல்லாம் ஏசி ஓடும் அறை என்றால் கணக்கு திரும்பிவிடும். கெக்கோவின் ஈர டப்பாவைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். டொரன்டோவிலோ லண்டனிலோ குளிர்காலத்து ஹீட்டர் ஓடும் வீட்டிலும் இதே கதைதான். போர்வெல் நீர் குடிக்கக் கொடுக்கலாம், ஆனால் தானாக நீர் தூவும் மிஸ்டிங் மோட்டாரின் முனைகள் உப்பால் அடைத்துக்கொள்ளும், அதற்கு ஆர்ஓ நீர் ஊற்றுங்கள்.

அதிகம் குடித்தால்

புதிதாக வாங்கி வந்த பல்லி முதல் இரண்டு நாள் ஆவேசமாகக் குடிப்பது கடையின் குறை. முட்டை சுமக்கும் பெண்ணும் கூடுதலாகக் குடிக்கும். இவை தவிர, வளர்ந்த பல்லி திடீரென வாரக்கணக்கில் கிண்ணத்தைக் காலி செய்தால், எச்சத்தைச் சுற்றித் தெளிந்த நீர் வட்டமாகத் தேங்கினால், சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஒரு சுழல் இருக்கிறது. நீர் நெடுநாள் குறைவாகக் கிடைத்த பல்லியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும், படிகமாகிச் சிறுநீரகத்திலும் மூட்டிலும் தங்கும். கெட்ட சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்காது, பல்லி மேலும் வறளும், மேலும் குடிக்கும். விரல் மூட்டுகள் வீங்கி வெண்மையாகத் தெரிந்தால் அது கவுட். கீரை தின்ன வேண்டிய வயதிலும் பூச்சியே கொடுப்பது, இகுவானாவுக்குக் கோழியும் முட்டையும் கொடுப்பது, வைட்டமின் டி3 பொடியை அளவில்லாமல் தூவுவது மூன்றும் இந்தச் சுழலுக்குள் தள்ளும். இதற்கு இரத்தப் பரிசோதனை இல்லாமல் பதில் கிடையாது.

மருத்துவரிடம் போகும்போது பல்லியோடு இவற்றையும் கொண்டுபோங்கள்: அன்றைய எச்சம் ஜிப் பையில், முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் விழுந்தது, எடை எழுதிய தாள், கல்லின் மேற்பரப்பு, குளிர்ந்த மூலை, இரவு வெப்பம் என்று மூன்று எண்கள், யூவிபி விளக்கு வாங்கிய மாதம், பயன்படுத்தும் கால்சியம் டப்பாவே நேரில். கிண்ணத்தில் கிடக்கும் வீடியோவையும் காட்டுங்கள், முப்பது நொடி போதும். வண்டியில் போகும்போது கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், ஈரத் துணி விரித்த, காற்றுத்துளை போட்ட டப்பா போதும்.